ஐந்தாவது வீடு யார் வீடு?

1. பலகை உண்டு, நாய் இல்லை

கள ஆய்வாளராக நான் முதன்முதலில் தட்டிய கதவு திறக்கவில்லை. அதன் பக்கத்திலிருந்த சன்னல் திறந்தது. அதுவும் ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும்.

"யாரு?"

"சர்வேக்காக வந்திருக்கேன் சார். இந்தப் பகுதியில குடியிருக்கிறவங்க எவ்வளவு பாதுகாப்பா உணர்றாங்கன்னு கேட்டு எழுதணும்."

"அதைத் தெரிஞ்சுகிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

பயிற்சியின்போது எங்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். மக்கள் எழுப்பக்கூடிய ஐயங்களும் அவற்றுக்கான விடைகளும் அதில் இருந்தன. இந்த ஐயம் அதில் இல்லை.

முதுகலைத் தமிழ் முதலாண்டுத் தேர்வு முடிந்த கோடை அது. எங்கள் பேராசிரியர் எழுதிக்கொடுத்த சிபாரிசின்பேரில் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. சென்னையிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனம் செங்கல்பட்டில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, மாவட்டத்தின் சில ஊர்களில் இந்த ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. கேள்விகள் அச்சிட்ட தாளுக்கு ஷெட்யூல் என்று பெயர். கேள்வி கேட்பவர் இன்வெஸ்டிகேட்டர். அவருக்கு மேலே சூப்பர்வைசர். எங்கள் சூப்பர்வைசர் திரு. சபேசன் எதையும் விரல்விட்டு எண்ணிப் பேசுபவர், மழை வருவதைக் கூட "ஒண்ணு, மேகம். ரெண்டு, காத்து" என்றுதான் தெரிவிப்பார்.

பயிற்சி நாளில் அவர் மூன்று விரல்களை மடக்கினார்.

"ஒண்ணு, வீட்டை நீங்க தேர்ந்தெடுக்கக் கூடாது. தெரு முனையிலேர்ந்து எண்ணி ஒவ்வொரு அஞ்சாவது வீடு. ரெண்டு, வீட்டுக்கு நம்பர்தான் உண்டு, பேர் கிடையாது. யார் வீட்டுக்குப் போனீங்கன்னு வெளியில மூச்சு விடக் கூடாது. மூணு, கேள்வி கேக்கும்போது பக்கத்துல வேற ஆள் இருக்கக் கூடாது."

ஊரப்பாக்கத்தில் இந்த மூன்று விதிகளையும் காப்பாற்றுவது மிக எளிதாக இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் புதிதாக மனை பிரித்துக் கட்டிய வீடுகள் அவை. ஒவ்வொன்றிலும் ஒருவர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நான் முதலில் தட்டிய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கர். பேட்டி முழுவதையும் சன்னல் வழியாகவே அளித்தார். வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை தொங்கியது.

"வீட்டில் காவலுக்கு நாய் உண்டா?" என்பது ஷெட்யூலின் நான்காம் கேள்வி.

"பலகை இருக்கு."

"நாய் சார்?"

"நாய்னா ராத்திரி குரைக்கும். தூக்கம் கெட்டுப்போகும். பலகையே போதும்னு விட்டுட்டேன். இதை அந்தத் தாள்ல எழுதிடாதீங்க."

"உங்க வீட்டுல இதுவரைக்கும் திருட்டு ஏதாவது நடந்திருக்கா?"

"இல்லை."

"இந்தத் தெருவுல?"

"இல்லை. அதுதான் பயமா இருக்கு. இத்தனை நாளா ஒண்ணும் நடக்கலைன்னா, இனிமே எப்ப வேணும்னாலும் நடக்கலாம் பாருங்க."

ஒன்பதாம் கேள்வி, அக்கம்பக்கத்தில் சந்தேகத்துக்குரிய அந்நியர் யாரையேனும் கண்டதுண்டா என்பது. அவர் குரலைத் தாழ்த்தினார். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் தினமும் காலையில் ஒரு பையுடன் வெளியே போகிறார், மாலையில் அதே பையுடன் திரும்புகிறார் என்றார். அந்த மனிதர் அங்கே இரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்.

எண்ணிக்கைப்படி தெருவின் மறுபுறம் எனக்கு வாய்த்தது அந்த எதிர்வீடுதான். அவரும் ஒன்பதாம் கேள்விக்கு ஆம் என்றார். எதிர்ச் சன்னலுக்குப் பின்னால் நாள் முழுவதும் ஒருவர் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்.

2. பூவரச மரத்தடி

அடுத்த வாரம் எனக்குச் சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பம் ஒதுக்கப்பட்டது. அருகே பெரிய கட்டுமானப் பணியொன்று நடந்துகொண்டிருந்ததால் அந்தக் கரையோரத்தில் வெளியூர் ஆட்கள் பலர் வந்து தங்கியிருந்தனர். ஆகவே அங்கே அச்சம் மிகுந்திருக்கும் என்பது சென்னை அலுவலகத்தின் எதிர்பார்ப்பு.

திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்து டச்சுக் கோட்டையருகே நின்றது. கோட்டைச் சுவரை ஒட்டி நடந்தால் குப்பத்தின் முகப்பில் ஒரு பூவரச மரம். அதன் நிழலில் சில பெண்கள் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தனர். நான் அவர்களைக் கடந்து, மனத்துக்குள் முதல் வீடு, இரண்டாம் வீடு என்று எண்ணத் தொடங்கினேன்.

"இந்தாம்மே, யாரு வூட்டுக்கு?"

கேட்டவள் முனியம்மாள் என்பவள். குந்தியிருந்த இடத்திலிருந்து அவள் அசையவில்லை.

"ஒரு வீட்டுக்குன்னு இல்லீங்க. அஞ்சாவது வீட்டுக்கு."

"அஞ்சாவது வூடு யாரு வூடு?"

"யார் வீடுன்னு எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது. அதுதான் ரூல்."

முனியம்மாள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். "தெரியாத வூட்டுக்கு வந்துகீது பாருடி இந்தப் பொண்ணு." பிறகு என்னிடம், "அந்த வூட்டாண்ட போயி இன்னா பண்ணுவே?" என்றாள்.

"சில கேள்விகள் கேப்பேன்."

"இன்னா கேள்வி?"

"கதவுல பூட்டு இருக்கா, பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க, அந்த மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்பதை உணர்ந்தேன். கருவாடு பிரித்துக்கொண்டிருந்த கைகள் யாவும் நின்றுவிட்டன. நாட்டார் கடலுக்குப் போயிருக்கிறார், அவர் வரும்வரை நான் அங்கேயே நிற்கவேண்டும் என்று முனியம்மாள் தீர்ப்பளித்தாள். நாட்டார் என்பவர் குப்பத்தின் தலைவர். அவர் எப்போது கரையேறுவார் என்று கேட்டேன். மீனைக் கேட்டால்தான் தெரியும் என்றார்கள்.

வெயில் ஏறிய பின், காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். செங்கல்பட்டுச் சந்தையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் தேசம்மாள். நாற்பது வயதிருக்கும்.

"இன்னா முனியம்மா, பொண்ண வெயில்ல நிக்க வெச்சிகினு கீறே?"

"யாரு வூட்டுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றா."

தேசம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். "எங்க வூட்டுக்குத்தான். நாந்தான் வரச் சொன்னேன். வா பொண்ணு."

அவளை நான் அதற்குமுன் கண்டதே இல்லை. அது பொய் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வீட்டின் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. அதற்குமேல் கேட்பதற்கு யாருக்கும் ஒன்றுமில்லை. கைகள் மறுபடியும் கருவாட்டைப் பிரிக்கத் தொடங்கின.

நடந்துகொண்டே தேசம்மாள் எனக்கு விளக்கினாள். குப்பத்துக்குள் வரும் ஆள் யாராக இருந்தாலும் ஒரு வீடு வேண்டும். அந்த ஆள் தவறு செய்தால் ஊர் அந்த வீட்டைத்தான் கேட்கும். அபராதமும் அந்த வீட்டுக்குத்தான்.

"தபால்காரர் யாரு வீடு?" என்றேன்.

"நாட்டார் வூடு."

"வளையல் விக்கிறவர்?"

"முனியம்மா வூடு. அதான் அவளுக்கு அவ்ளோ திமிரு."

"போலீஸ் வந்தா?"

"ஏட்டய்யாவும் நாட்டார் வூடுதான். போன தபா நாட்டாரு இல்லாத நேரத்துல வந்துட்டாரு. மரத்தாண்ட குந்த வெச்சோம். டீ குடிச்சிட்டு பூட்டாரு."

"எனக்காக நீங்க ஏன் சொன்னீங்க?"

"முனியம்மா ஒருத்தர நிக்க வெச்சா எனக்கு ஆவாது."

3. எல்லாம் ஒன்று

அன்று முதல் தேசம்மாள் என்னுடன் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தாள். என்னால் ஏதும் நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவள் அவள் என்பதால் அவளைத் தடுக்க இயலவில்லை. மூன்றாம் விதியை எடுத்துரைத்தேன். அவள் நன்றாக யோசித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார ஒப்புக்கொண்டாள்.

"காதும் கேக்கக் கூடாதே," என்றேன்.

"காத இன்னா பண்றது? கழட்டி வெக்கவா?"

இதனை ஷெட்யூலின் குறிப்புப் பகுதியில், 'அண்டை வீட்டார் ஒருவர் உடனிருந்தார், எதிர்த்திசை நோக்கி' என்று பதிவு செய்தேன்.

முதலாவதாக எனக்கு அமைந்த வீட்டில், வலை பின்னிக்கொண்டே பேசிய ஒரு பெண்ணிடம், இருட்டிய பின் தனியாக வெளியே நடக்கும்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறார் என்று கேட்டேன்.

"தனியா எதுக்கு நடக்கணும்?"

"நடந்தா எப்படி இருக்கும்?"

"நடந்தா, எங்கடி போறேன்னு யாராவது கேப்பாங்க."

"யாருமே கேக்கலைன்னா?"

"எப்பிடி கேக்காம இருப்பாங்க? ஊரோட செத்தா பூட்டாங்க?"

தாளில் அச்சிட்டிருந்த நான்கு விடைகளில் இதற்குரிய எண் ஒன்று: 'மிகவும் பாதுகாப்பாக.' அடுத்த வீட்டிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று. பூட்டைப் பற்றிய கேள்வியில் சிறிது சிரமம் ஏற்பட்டது. ஓலைத் தட்டியில் பூட்டை எங்கே மாட்டுவது என்று என்னிடமே கேட்டார்கள். ஊரில் ஒரே ஒரு பூட்டு இருந்தது. அது நாட்டார் கன்னியப்பன் வீட்டில். அதன் சாவி கடலில் விழுந்துவிட்டதால் பூட்டை எப்போதும் திறந்தபடியே வாசல் நிலையில் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் பார்ப்பதற்காக, என்றார்.

ஒன்பதாம் கேள்விக்கு எல்லாரும் இல்லை என்றனர். அந்நியர் என்பவர் எவரது வீட்டுக்கும் வராதவர். அப்படிப்பட்டவர் பூவரச மரத்தைத் தாண்டுவதில்லை. தாண்டாதவரை இவர்கள் எப்படிக் காண்பார்கள்?

மாறுபட்ட சொல் ஒன்று எனக்குக் கிடைத்தது ஒரு வீட்டில்தான். கல்யாணமாகி அந்த ஆண்டுதான் அங்கு வந்த பெண். தேசம்மாளின் முதுகை ஒரு முறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா யாருக்கும் தெரியாம ஒரு சினிமாவுக்குப் போவ முடியாது."

அவளும் எண் ஒன்றையே தெரிவு செய்தாள். அவளுடைய சொற்களைக் குறிப்புப் பகுதியில் அப்படியே எழுதினேன். தேசம்மாளின் முதுகு அசையவில்லை. வெளியே வந்ததும், "அது எந்த சினிமா?" என்று மட்டும் கேட்டாள்.

தேசம்மாளின் வீடு எண்ணிக்கையில் நான்காவதாக வந்ததால் அதற்கு ஷெட்யூல் இல்லை. இது அவளுக்குப் பெரிய மனக்குறை. "நாலாவது வூடுன்னா நாங்க மனுசங்க இல்லியா? சோறு மட்டும் இங்க, கேள்வி மட்டும் அங்கியா?" என்றாள். ஆகவே கடைசி நாளில் தாள் இல்லாமல் அவளிடமும் கேட்டேன். ஊருக்குள் பயம் இல்லை என்றாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உண்டு என்றாள்.

"அங்க நான் மயக்கமா வுயுந்தா, யாரு வூட்டு பொம்பளன்னு கேக்க ஒரு ஆள் கெடையாது."

4. வேரியேஷன் இல்லை

சபேசன் என் தாள்களை இரண்டு கட்டுகளாக மேசைமேல் வைத்திருந்தார்.

"ஊரப்பாக்கத்தைப் பாருங்க. எவ்வளவு அழகா வந்திருக்கு. பயம், ரொம்ப பயம், ஓரளவு பயம். வேரியேஷன் இருக்கு. சட்ராஸ், அதான் உங்க சதுரங்கப்பட்டினம், அதைப் பாருங்க. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு."

இம்முறை அவர் விரல்விட்டு எண்ணவில்லை. என் தாள்களைத்தான் வாசித்தார்.

"அவங்க அப்படித்தான் சார் சொன்னாங்க."

"கதவுல பூட்டு இல்லை. தெருவுல லைட் இல்லை. சுத்தி வெளியூர் ஆளுங்க. ஆனா யாருக்கும் பயமில்லை. இதை நான் சென்னைக்கு அனுப்பினா என்ன சொல்லுவாங்க?" விரல்கள் எழுந்தன. "ஒண்ணு, நீங்க ஊருக்குள்ள போகவே இல்லை, கோட்டை நிழல்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதிட்டீங்க. ரெண்டு, போயிருந்தீங்கன்னா, எதிர்த்திசை நோக்கி ஒரு அம்மா உக்காந்திருந்தாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அவங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்காங்க. லிட்ரேச்சர் படிக்கிற பொண்ணுங்களை எடுக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். கற்பனை வந்துடும்."

நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். கற்பனை செய்திருந்தால் நான்கு விடைகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, அவர் விரும்பும் வேரியேஷனை அழகாகவே உண்டாக்கியிருப்பேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கடைசி வழி பேக்-செக். சூப்பர்வைசர் தாமே போய், நாங்கள் எழுதிய வீடுகளில் சிலவற்றில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். முதற்பதிவும் மறுபதிவும் ஒத்திருந்தால் தாள்கள் செல்லும். மாறுபட்டால் பிழை இன்வெஸ்டிகேட்டருடையது. தாள்கள் யாவும் தள்ளப்படும். சிபாரிசு செய்தவருக்குக் கடிதம் போகும். வேலை போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியவள் என்று என் பேராசிரியர் படிப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

5. குடையும் நாட்டாரும்

மறுநாள் அவருடன் நானும் போனேன். பேருந்தில் அவர் முன்னிருக்கையில், நான் பின்னிருக்கையில். ஏறும் முன்பே கட்டளைகள் வந்துவிட்டன.

"ஒண்ணு, உங்களை எனக்குத் தெரியாது. ரெண்டு, என்னை உங்களுக்குத் தெரியாது. மூணு, நான் கூப்பிடற வரைக்கும் கோட்டையை விட்டு வெளியே வரக் கூடாது."

குப்பத்தின் வழக்கத்தை நான் சொல்லத் தொடங்கினேன். இன்வெஸ்டிகேட்டர் முன்கூட்டி எதையும் சொல்லக் கூடாது என்று கையமர்த்திவிட்டார். கோட்டைக்குள் ஒரு சுவரோரமாக உட்கார்ந்து பாடப்புத்தகத்தை விரித்தேன். ஒரே பக்கத்தைப் பலமுறை படித்திருப்பேன். பிறகு தேசம்மாள் வந்தாள்.

"பொண்ணு, எழுந்து வா. உங்க ஆளு மாட்டிகினு கீறாரு."

"எந்த ஆள்?" என்றேன், இரண்டாம் கட்டளையை நினைத்து.

"பஸ்ல முன்னாடி குந்திகினு வந்தாரே, கொட வெச்சிகினு. யாரு வூட்டுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. கூட எறங்கின பொண்ணத் தெரியுமான்னு கேட்டேன். தெரியவே தெரியாதுன்றாரு. ஒரே பஸ்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் எறங்கினத முனியம்மா மரத்தாண்டேர்ந்து பாத்துகினுதான இருந்தா."

குப்பத்தின் முகப்பில் பெருங்கூட்டம். கரையில் இழுத்துவைத்த கட்டுமரத்தின்மேல் சபேசன் உட்காரவைக்கப்பட்டிருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. கையில் ஒரு கலர் சோடாகூடக் கொடுத்திருந்தார்கள். அவருடைய குடையை முனியம்மாள் வாங்கிவைத்துக்கொண்டு, வெயில் படாமல் அவர் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நாட்டார் கன்னியப்பன் எதிரே குந்தியிருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதே. யாரு வூட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போயிகினே இருக்கலாம்."

"அதைச் சொல்லக் கூடாதுங்க. ரகசியம்."

"ரகசியமா எந்த வூட்டுக்குய்யா வந்தே?" என்று ஒரு கிழவர் கேட்டார். கூட்டத்திலிருந்த சில கணவன்மார் சற்றே நெருங்கி வந்தனர்.

"பதினாலாம் நம்பர் வீடு," என்றார் சபேசன் அவசரமாக.

"எங்க ஊர்ல நம்பரே கெடையாதே. யாரு போட்டது?"

"நாங்கதான் போட்டோம்."

"எங்க வூட்டுக்கு நீ நம்பரு போட்டியா? எதுக்கு?"

"வந்ததும் வராததுமா கொடய நீட்டி நீட்டி வூட்ட எண்ணிகினு இருந்தாரு நைனா," என்றாள் முனியம்மாள் மேலிருந்து. "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. நான் என் கண்ணால பாத்தேன்."

சபேசன் தம் கடமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நிலையிலும் நாட்டாரிடம், "சரி, நீங்க சொல்லுங்க. இந்த ஊர்ல உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் இல்ல சார். இன்னிக்கிதான் கொஞ்சம் பேஜாரா கீது."

அப்போது அவர் என்னைக் கண்டார். கண்டவுடன் பார்வையைக் கடலின்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரைத் தெரியாதென்பது விதி; ஆகவே நானும் கடலைப் பார்த்தேன்.

"யம்மா, இந்த ஆள உனக்குத் தெரியுமா?" என்று நாட்டார் என்னிடம் கேட்டார்.

தெரியும் என்றால் கட்டளை மீறல், பேக்-செக் ரத்து, தாள்கள் தள்ளுபடி. தெரியாது என்றால் அவர் அந்தக் கட்டுமரத்திலேயே இருப்பார்; நானும் முதல்முறையாக அந்த ஊரில் ஒரு பொய் சொன்னவளாவேன்.

"நான் என்ன சொல்றது சார்?" என்று அவரையே கேட்டுவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. "தெரியாத ஆள எவளாவது சாருன்னு கூப்புடுவாளா?" என்றாள் முனியம்மாள். சபேசன் கலர் சோடாவைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கம்மா. சொல்லிடுங்க."

"எங்க ஆபீஸ் சார்தான்," என்றேன்.

நாட்டார் தலையசைத்தார்; ஆனால் எழுந்திருக்கவில்லை. "ஆபீசுன்றது வூடு இல்லியே. வூடு எது?"

தேசம்மாள் முன்னால் வந்தாள். "பொண்ணு எங்க வூடு. பொண்ணோட சாரும் எங்க வூடுதான். எதுனா ஆச்சின்னா என்னக் கேளு."

"அவரு வாயால சொல்லட்டும்."

சபேசன் ஒரு விரலை உயர்த்தினார். 'ஒண்ணு' என்று தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். விரலைப் பார்த்தார், மடக்கிக்கொண்டார்.

"தேசம்மா வூட்டுக்கு," என்றார்.

முனியம்மாள் குடையை மடக்கி அவரிடம் கொடுத்தாள்.

6. குறிப்புப் பகுதி

மதியம் தேசம்மாள் வீட்டில் மத்தி மீன் குழம்பு. அதன்பின் சபேசன் பத்து வீடுகளில் பேக்-செக் செய்தார். விதிப்படி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஆனால் கேட்கும் தொலைவில்தான் நான் நின்றேன். தேசம்மாள் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு இடம்விட்டு அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு முன்னாடி இங்க வந்துச்சா?"

"வந்துச்சே. இதையேதான கேட்டுச்சி. ஏன் சார், உங்க ஆபீசுல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா?"

பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு, ஒன்று. பூட்டு, இல்லை. திருட்டு, இல்லை. என் பதிவுகளோடு ஒரு புள்ளிகூட மாறாமல் விடைகள் வந்துகொண்டிருந்தன. அதன்பின் அவர் ஒன்பதாம் கேள்விக்கு வந்தார்.

"சந்தேகப்படற மாதிரி அந்நியர் யாரையாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்தேன்."

அவர் பேனா நின்றது. "எப்போ?"

"இன்னிக்கி காலைல."

"எப்படி இருந்தாரு?"

"கண்ணாடி போட்டுகினு, கொட வெச்சிகினு, வூட்ட எண்ணிகினு இருந்தாரு." அந்தப் பெண்ணின் பேச்சில் எந்தக் கேலியும் இல்லை, கேட்டதற்கு உண்மையாகப் பதில் சொன்னாள். "இன்னும் வெவரம் வோணும்னா பாத்துக்கோ சார். நீதான் அது."

தேசம்மாளின் முதுகு குலுங்கியது. பத்து வீடுகளிலும் அதே விடை. ஒரு வீட்டில் மட்டும் அவர் முனியம்மாளிடம் அடி வாங்கியதாகவும் சேர்த்துச் சொன்னார்கள். அதை அவர் மறுத்துப் பதிவு செய்தார்.

செங்கல்பட்டு மாடியறைக்குத் திரும்பியதும் என் தாள்களையும் தம் தாள்களையும் அருகருகே வைத்தார். ஒன்பதாம் கேள்வி தவிர அனைத்தும் ஒத்திருந்தன. ஒன்பதாம் கேள்வியில் என் பதிவு பத்திலும் 'இல்லை'. அவர் பதிவு பத்திலும் 'ஆம்.' விதி தெளிவானது. மாறுபட்டால் பிழை இன்வெஸ்டிகேட்டருடையது. நான் எதிரே நின்றிருந்தேன். அவர் வெகுநேரம் பேனாவைத் திறக்கவில்லை.

"ஒன்பதாம் கேள்வியை நான் கேக்கலைன்னு எழுதிடலாம்," என்றார் கடைசியில். "உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"கேட்டீங்களே சார்."

அந்தக் கோடை முழுவதிலும் அவரை மறுத்து நான் பேசியது அது ஒன்றுதான். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதினேன் என்று என்மேல் பழி வந்திருந்த மேசை அது. கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதி அங்கிருந்து தப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

"கேட்டேன்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "ஏம்மா, முதல் நாள் நீங்களும் புதுசுதானே? உங்களை ஏன் ஒருத்தரும் அந்நியர்னு சொல்லலை?" என்றார்.

"கேள்வி கேக்க ஆரம்பிக்கும்போது நான் தேசம்மா வீட்டு ஆள் ஆயிட்டேன் சார். நீங்க ஒரு வீட்டு ஆள் ஆகறதுக்கு முன்னாடியே குடையை நீட்டி வீடுகளை எண்ண ஆரம்பிச்சிட்டீங்க."

அவர் பேனாவைத் திறந்தார். முதல் தாளின் குறிப்புப் பகுதியில் நிதானமாக எழுதி, எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'விடைகள் மாறுபடுகின்றன. இரண்டும் சரியானவை. இங்குச் சுட்டப்பட்டுள்ள சந்தேகத்துக்குரிய அந்நியர், கீழே கையொப்பமிட்டுள்ளவர்.' அதன் கீழ்த் தம் முழுப்பெயரையும் பதவியையும் எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு இரண்டாம் தாள். ஒரே வாக்கியத்தைப் பத்துத் தாள்களிலும் எழுதவேண்டியிருந்தது; மை தீர்ந்ததும் என் பேனாவை வாங்கி எழுதினார். 'மேற்படி' என்று சுருக்கிவிட அவர் மனம் ஒப்பவில்லை.

சதுரங்கப்பட்டினத் தாள்கள் சென்னைக்குச் சென்றன. பேராசிரியருக்குக் கடிதம் ஏதும் வரவில்லை. இரண்டாமாண்டுக் கோடையில் என்னை மறுபடியும் எடுத்துக்கொண்டதோடு, புதியவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பையும் தந்தார்கள். இக்குறிப்பும் அவர்களுக்காகவே எழுதப்பட்டது. விதிகள் மூன்றையும் சபேசன் சார் விரல்விட்டுச் சொல்வார், அவற்றைப் பின்பற்றுங்கள். என் பங்குக்குச் சொல்வது ஒன்றுதான். தெருவுக்குள் நுழையும்போது உங்கள் பையில் இருக்கும் கேள்விகளை மட்டும் எடுத்துச் செல்வதாக நினைக்காதீர்கள். அந்தத் தெருவுக்குச் சிறிதளவு பயத்தையும் கூடவே கொண்டுபோகிறீர்கள். ஒன்பதாம் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால், எழுதும் முன் ஒரு கணம் நின்று, அது உங்களைப் பற்றியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால், அது உங்களைப் பற்றியதுதான்.